நாளை மதியம் மேலாளர் வீட்டில் சாப்பாடு, எந்த வெள்ளை ஒயின் வாங்குவது? அவசரம்

புதுவரவு: வணக்கம். பிரான்சுக்கு வந்து ஆறு வாரம் ஆகிறது. மேலாளர் சாப்பிடக் கூப்பிட்டார். "என்ன கொண்டுவரட்டும்?" என்று மரியாதைக்குக் கேட்கப்போய், "ஒரு வெள்ளை ஒயின், செக்" என்று பதில் அனுப்பிவிட்டார். கடையில் ஒரு சுவர் முழுக்க பாட்டில்கள். பாதிக்கு மேல் திராட்சைப் பெயரே இல்லை, ஊர்ப் பெயர்தான். கைகால் உதறுகிறது.

லா ஷப்பல் அண்ணை: தம்பி, ஒயினுக்கே பயந்தால் எப்படி? 1991இல் நான் வந்தபோது பாரிஸில் கோப்பை கழுவினேன். ஒரு அறையில் எட்டுப் பேர். பூ வாங்கிக்கொண்டு போங்கோ, காணும்.

துலூஸ் அக்கா: ஒயின் கேட்டவருக்குப் பூவா? சோத்தெர்ன் வாங்குங்கள். எங்கள் முதல் தீபாவளிக்கு அதுதான், தேன் மாதிரி இருந்தது.

கடலூர்க்காரன்: அக்கா, தேன் மாதிரி இருந்தால் அது செக் இல்லை! செக் என்றால் இனிப்பில்லாதது. ஷப்ளி வாங்குங்க, தப்பே வராது.

துலூஸ் அக்கா: ஷப்ளி விலை பார்த்தீர்களா? முதல் சம்பளமாவது கைக்கு வந்ததோ என்னவோ. எனக்கு வங்கிக் கணக்கு திறக்கவே மூன்று மாதம் பிடித்தது. முகவரிச் சான்று இல்லாமல் கணக்கு தரமாட்டார்கள், கணக்கு இல்லாமல் வீடு தரமாட்டார்கள்.

லா ஷப்பல் அண்ணை: அதை ஏன் கேட்கிறீங்கள். வதிவிட அட்டை புதுப்பிக்க நேரம் எடுக்க, விடிய விடிய போனைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

அடுப்படி: அந்தப் புலம்பலுக்குத் தனி இழை போடலாம். தம்பி, எந்த ஊர்? சாப்பாடு என்ன? நீங்கள் குடிப்பீர்களா?

புதுவரவு: மன்னிக்கவும், இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நாந்த். சாப்பாடு சிப்பியாம். பச்சையாகவா தின்பார்கள்? குடித்துப் பழக்கமில்லை, ஒரு வாய் ருசி பார்ப்பேன்.

அடுப்படி: நாந்தில் இருந்துகொண்டு ஷப்ளியா! உங்கள் ஊரைச் சுற்றி விளைவதே முஸ்கதே, அதுவும் செக் வெள்ளை ஒயின்தான். சிப்பிக்கு அங்கே அதுதான் வழக்கம். லேபிளில் "சுர் லி" என்று இருப்பதாகப் பாருங்கள். நொதித்து முடிந்த ஈஸ்ட் மண்டியோடு ஒரு குளிர்காலம் வைத்து எடுத்தது என்று அர்த்தம். அதனால் சற்றே ரொட்டி வாசம் வரும். 8, 10 யூரோவுக்கே நல்லது கிடைக்கும். நாளை ஞாயிறு, பெரிய கடைகள் மதியத்தோடு மூடலாம். இன்றே வாங்குங்கள்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குதான் ஊற்றுவார்கள். தண்டைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி, முதலில் முகர்ந்து பாருங்கள். எலுமிச்சை, பச்சை ஆப்பிள் வாசம் வரும். ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் படவிட்டு விழுங்குங்கள். புளியங்காய் கடித்தது போல் கன்னத்தின் உள்ளே எச்சில் ஊறும். அந்தப் புளிப்புதான் சிப்பியின் உப்பைத் தாங்கும், எலுமிச்சை பிழிகிற வேலையை ஒயினே செய்துவிடும். ஆமாம், சிப்பி பச்சைதான். பிடிக்காவிட்டால் ஒன்றோடு நிறுத்துங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கிளாஸை உயர்த்தி "சாந்தே" சொல்லும்போது மட்டும் எதிரில் இருப்பவர் கண்ணைப் பாருங்கள்.

கடலூர்க்காரன்: சரி, ஃப்ரீசரில் போட்டு நன்றாகக் குளிரவிடுங்க.

அடுப்படி: வேண்டவே வேண்டாம். பனியாகக் குளிர்ந்தால் வாசமே வராது. ஃப்ரிட்ஜில் வைத்து, 10 டிகிரி அளவில் ஊற்றினால் போதும். அப்புறம், திரும்பும்போது ட்ராமில் வாருங்கள். இங்கே வண்டி ஓட்ட ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, புது லைசென்ஸ் என்றால் 0.2.

புதுவரவு: வாங்கிவிட்டேன், 9 யூரோ. மீதியிருந்தால் மீன்குழம்போடு குடிக்கலாமா?

அடுப்படி: மீதி அவர்கள் வீட்டிலேயே இருக்கட்டும். மிளகாய்க் காரத்தோடு ஆல்கஹால் சேர்ந்தால் இன்னும் எரியும். வறுத்த மீனுக்கு முஸ்கதே நன்றாகப் போகும். குழம்புக்கு என்றால் அல்சாஸ் பகுதி ரீஸ்லிங் வெள்ளை ஒயினில் லேசாக இனிப்புள்ளதாகத் தேடுங்கள்.

புதுவரவு: பாட்டில் இப்போது ஃப்ரிட்ஜில் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வாசம் ஏறிவிடாதே?

லா ஷப்பல் அண்ணை: கார்க் இருக்குத்தானே தம்பி, ஏறாது. சட்டியை மூடி வையுங்கோ.