புதுப்பிப்பு: டீபக்கை 'நோ' என்று வைத்தும் அணையாத கதை

போன வாரம் கேட்டிருந்தேன்: நிரலின் அமைப்புகளை வைக்கும் ஐஎன்ஐ கோப்பில் 'டீபக் = நோ' என்று எழுதியும், என் பைத்தான் நிரல் பிழை தேட உதவும் டீபக் லாக்கைக் கொட்டிக்கொண்டே இருக்கிறது, ஏன் என்று. காரணம் பிடிபட்டது.

அந்தக் கோப்பைப் படிக்கும் பைத்தான் நூலகமான கான்ஃபிக்பார்சர் எந்த மதிப்பையும் வகை பார்த்துப் படிப்பதில்லை. அதற்கு எல்லாமே ஸ்ட்ரிங்தான், அதாவது வெறும் எழுத்துச் சரம். நான் அந்த 'நோ'வை அப்படியே இஃப் நிபந்தனையில் போட்டிருந்தேன். காலியில்லாத ஸ்ட்ரிங் என்றால் பைத்தானுக்கு அது ட்ரூ, அதாவது 'ஆம்'. மதிப்பை ஆம்/இல்லை என்று படிக்கும் கெட்பூலியன் என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. எஸ்/நோ, ஆன்/ஆஃப், ட்ரூ/ஃபால்ஸ், 1/0 எல்லாம் அதற்குப் புரியும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதமும் இல்லை.

அப்புறம் இன்னொன்று, இதில்தான் எனக்கு அரை நாள் போனது. டைம்அவுட்டுக்கு (எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற அமைப்பு) ஃபால்பேக், அதாவது கோப்பில் மதிப்பு இல்லாவிட்டால் எடுக்கும் மாற்று மதிப்பு, 30 என்று கொடுத்திருந்தேன், கிடைத்ததோ 10. கோப்பின் தலையில் டீஃபால்ட் என்ற பகுதியில் யாரோ 10 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தப் பகுதியில் இருப்பது மற்ற எல்லாப் பகுதிகளுக்கும் பொருந்தும். அங்கேயும் இல்லையென்றால்தான் ஃபால்பேக்குக்கு வேலை.

அந்த வரியை அழிக்காமல் 'டைம்அவுட் =' என்று காலியாக விட்டுப் பார்த்தேன். அப்போதும் 30 வரவில்லை, மதிப்பை முழு எண்ணாகப் படிக்கும் கெட்இன்ட், மதிப்பு தவறு என்று வேல்யூஎரர் பிழையை வீசியது. சாவி (டைம்அவுட் என்ற பெயர்) இருக்கிறது, மதிப்புதான் காலி. அதை கான்ஃபிக்பார்சர் 'இல்லை' என்று எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு இந்த நடத்தை பிடித்திருக்கிறது. தப்பான மதிப்பை மூடி மறைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

இப்போது எல்லா மதிப்புகளையும் நிரல் தொடங்கும்போதே ஒரே இடத்தில் வகை மாற்றிவிடுகிறேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.