மெத் விட்டு ஐந்து மாதம்: தம்பிக்கு எதிலும் மகிழ்ச்சி இல்லை

தம்பிக்கு 26 வயது, சென்னை. இரண்டு ஆண்டுகள் மெத் (மெத்தம்பெட்டமின்) என்ற போதைப்பொருளைப் புகைத்தான். விட்டு ஐந்து மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் ஓயாத தூக்கம், அகோரப் பசி. அது அடங்கிவிட்டது. இப்போது கிரிக்கெட், பிரியாணி, நண்பர்கள் எல்லாமே சப்பென்று இருக்கிறதாம்.

"முதல் நாள் கிடைத்த போதை பிறகு ஒருநாளும் கிடைக்கவில்லை அக்கா, அதைத் துரத்தித்தான் அளவைக் கூட்டினேன்" என்கிறான். மெத், மூளையில் ஊக்கமும் மகிழ்ச்சியும் தரும் டோபமைன் என்ற வேதிப்பொருளை ஒரேயடியாகக் கொட்டவைக்கிறது. கையிருப்பு தீர்கிறது, அதை உணரும் ஏற்பிகளும் குறைகின்றன என்று மருத்துவர் விளக்கினார். எனக்குப் புரிகிறது. அம்மாவோ "சோம்பேறித்தனம்" என்கிறார். அதுதான் அவனை அதிகம் நோகடிக்கிறது.

40 நாள் மறுவாழ்வு மையத்தில் இருந்தான். வாரம் ஒரு கவுன்சலிங், மூன்று மாதமாக மனச்சோர்வு மாத்திரை, காலை நடை (நான் இழுத்துப்போனால் மட்டும்). போதை மீட்புக்கான 14446 உதவி எண்ணிலும் பேசினோம். தற்கொலை எண்ணம் இல்லை என்கிறான். போதை அடிமைத்தனத்தை ஆராயும் நோரா வோல்கோ குழுவின் 2001 ஆய்வில், ஓராண்டுக்கு மேல் விலகியிருந்தவர்களிடம் டோபமைன் கடத்திகள் (வெளியான டோபமைனை நரம்பணுவுக்குள் திரும்ப எடுக்கும் புரதங்கள்) மீண்டதாகப் படித்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இதைக் கடந்து வந்தவர்களே, சாதாரண மகிழ்ச்சி உங்களுக்கு எத்தனையாவது மாதத்தில் திரும்பியது?