வேனுக்குள் படம் பார்க்க, மின்சாரம் குறைவாக இழுக்கும் டிவி எது?

அனைவருக்கும் வணக்கம். பாளையங்கோட்டையில் வசிக்கும் நாங்கள், பழைய வேன் ஒன்றைப் படுக்கையும் அடுப்புமாக மாற்றியமைத்து, குற்றாலம், பாபநாசம், உவரி என்று குடும்பத்தோடு சென்று தங்கி வருகிறோம். இரவில் படம் பார்க்க ஒரு டிவி வாங்க உங்கள் ஆலோசனை தேவைப்படுகிறது.

வண்டியின் பேட்டரியைத் தொடாமல், தனியாக 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லெட் ஆசிட் பேட்டரி வைத்திருக்கிறோம். கணக்குப்படி 1,200 வாட்-மணி என்றாலும், பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால், 600 வாட்-மணியைத்தான் கையிருப்பாகக் கொள்ள முடியும். அதிலும் மின்விசிறிக்கே முதல் உரிமை, உவரிப் புழுக்கத்தில் அது நின்றுவிட்டால் எந்தப் படமும் ருசிக்காது.

சாதாரண டிவியை இன்வெர்ட்டரில் ஓட்டினால், 12 வோல்ட்டை 230 ஆக உயர்த்தி, டிவிக்குள் மீண்டும் குறைப்பதிலேயே ஒரு பங்கு மின்சாரம் வீணாகிறது. ஆகவே, 12 வோல்ட் அடாப்டரில் இயங்கும் 24 அங்குல எல்இடி டிவியை நேரடியாக பேட்டரியில் இணைத்து, பென்டிரைவில் படம் போடலாம் என்று எண்ணுகிறேன். ஆனால், சோலார் பேனலிலிருந்து சார்ஜ் ஏறும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டுகிறது. டிவி அதைத் தாங்குமா, இடையில் 12 வோல்ட்டில் நிலைநிறுத்தும் கன்வெர்ட்டர் கட்டாயமா?

டேப்லெட் சிக்கனம்தான், ஐந்து பேர் எட்டிப் பார்க்க இயலாது. புரொஜெக்டர் வேண்டாம்.

இப்படிப் பயன்படுத்துவோர், பெட்டியில் அச்சிட்ட வாட் அளவை விடுத்து, மீட்டரில் பார்த்த ஆம்பியர் அளவையும், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் அத்தகைய டிவி கிடைக்குமா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன்.