மறு: சிட்காம் - 'சூழ்நிலை நகைச்சுவை' போதுமா?

> 'சூழ்நிலை நகைச்சுவை' என்றே வைத்துவிடலாம். பழகிய சொல்தானே?

நண்பர்களுக்கு வணக்கம். அதே ஆட்களை வைத்து வாராவாரம் ஓடும் நகைச்சுவைத் தொலைக்காட்சித் தொடரான சிட்காமுக்கு (situation comedy) இந்த இழையில் தமிழ்ச்சொல் தேடுகிறோம். மேலே இருப்பது ஒரு நண்பரின் யோசனை.

பழகியதுதான். ஆனால் 'சூழ்நிலை' என்றதும் நமக்குத் தோன்றுவது திடீரென வந்து மாட்டும் இக்கட்டு. பெண் பார்க்க வந்த நேரத்தில் கரண்ட் போவது மாதிரி. அது எந்த நகைச்சுவைப் படத்திலும் உண்டு. சிட்காமுக்கே உரியது, வாராவாரம் மாறாமல் நிற்கும் ஏற்பாடு.

'கிட்ஜெட்' (Gidget) என்ற அமெரிக்கத் தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூலம் ஒரு நாவல். கலிபோர்னியாவின் மலிபு கடற்கரையில் அலைச்சறுக்கு பழகிய தன் மகள் கேத்தியை வைத்து ஃபிரெடரிக் கோனர் 1957இல் எழுதியது. 1959இல் சாண்ட்ரா டீ நடித்துப் படமாக வந்தது. படத்தில் கிட்ஜெட் என்ற அந்தப் பெண் சறுக்கக் கற்கிறாள், மூண்டாகி என்ற பையனை விரும்புகிறாள், இருவரும் சேர்கிறார்கள், சுபம்.

1965 செப்டம்பரில் ஏபிசி தொலைக்காட்சி அதைத் தொடராக்கியபோது என்னென்ன மாற்றினார்கள் என்று பாருங்கள். படத்தில் இருந்த அம்மா இங்கே இல்லை. அப்பா மனைவியை இழந்த பேராசிரியர். அக்காள் புருஷன் உளவியல் மாணவர், மச்சினி எது செய்தாலும் அதற்கொரு விளக்கம் வைத்திருப்பார். முக்கியமாக, காதலனை முதல் பகுதியிலேயே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க அனுப்பிவிட்டார்கள்! அவன் ஊரிலேயே இருந்தால் ஒன்று கல்யாணம், இல்லாவிட்டால் பிரிவு. கதை அதோடு காலி. அவன் தூரத்தில் இருப்பதால் வாரம் ஒரு வம்பு வரலாம், அரைமணி நேரத்தில் அப்பாவும் மகளும் பேசித் தீர்க்கலாம், வீடு பழையபடி இருக்கும். 32 பகுதிகளும் இந்த ஏற்பாட்டின் மேல்தான் ஓடின. (ஒரே பருவத்தில் நிறுத்திவிட்டு, கோடை மறு ஒளிபரப்பில் கூட்டம் சேர்ந்த பிறகு ஏபிசி முழித்தது தனிக்கதை. கிட்ஜெட்டாக நடித்த சாலி ஃபீல்டை விடாமல் 1967இல் வேறொரு தொடரில் பறக்கும் கன்னியாஸ்திரீ ஆக்கினார்கள்.)

ஆகவே என் பரிந்துரை: நிலைக்கள நகைச்சுவை. மெய்ப்பாடு, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சி, பிறக்கும் இடத்தைத் தொல்காப்பிய உரைகள் நிலைக்களம் என்கின்றன. நகைக்கு அவை எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. கிட்ஜெட்டிடம் நடு இரண்டும் வேண்டிய மட்டும் உண்டு. அங்கே உணர்ச்சியின் தோற்றுவாயைக் குறித்த சொல்லைக் கதையின் அமைப்புக்கு நீட்டுகிறோம் என்று இலக்கணம் அறிந்தவர்கள் மறுக்கலாம். நீட்டுகிறோம்தான். 'நிலை' என்ற பகுதி நிற்பதையும் 'களம்' இடத்தையும் காட்டுவதால் தாங்கும் என்று நினைக்கிறேன்.

> 'மனைநகை' சுருக்கமாக இருக்கிறதே?

அட்சய திருதியை விளம்பரம் போல ஒலிக்கிறது, ஐயா. அப்புறம் அலுவலகத்தில் நடக்கும் சிட்காமை என்ன செய்வது?

பின்னணியில் சேர்க்கும் சிரிப்புக்கு 'பதிவுச் சிரிப்பு' எனக்குச் சம்மதம். 'நிலைக்கள'த்துக்கு மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.