மடக்குச் சவரக்கத்திக்குப் புது மரப்பிடி: அலகு ஒரு பக்கம் உரசுகிறது

தாத்தாவின் கத்தி இது. ஜெர்மனியின் சோலிங்கனில் செய்தது, அலகின் அகலம் 5/8 அங்குலம். பழைய செல்லுலாய்டு பிடி நொறுங்கிவிட்டதால் மூன்று வாரமாக ஈட்டி மரத்தில் புதுப்பிடி செய்கிறேன். பிடியின் இரு பக்கப் பட்டைகளும் 3 மி.மீ. கனம், அலகைப் பிடியில் கோக்கும் ஆணிக்கு 1.6 மி.மீ. பித்தளைக் கம்பி. மடக்கினால் அலகு நடுவில் இறங்காமல் இடப்பக்க மரத்தில் உரசுகிறது. இத்தனை வருடம் தங்கிய கூர் என் கையில் கெட்டுவிடக் கூடாது.

ஆணியை இரண்டு முறை கழற்றி அடித்தேன். வாஷர் மாற்றினேன். பிடியின் வால்முனையில் இரு பட்டைகளுக்கும் நடுவே உள்ள ஆப்பைத் தேய்த்து மெலிதாக்கியதில் உரசல் குறைந்தது, அப்புறம் அலகு தளர்ந்து ஆட ஆரம்பித்தது. அலகில் வளைவு இல்லை, கண்ணாடி மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். பட்டைகளைச் சேர்த்துப் பிடித்துத்தான் துளையிட்டேன், ஆனால் கையால்.

துளையை அடைத்து மறுபடி போடுவதா, ஒரு பக்கம் சரிந்த புது ஆப்பு வைப்பதா, எதை முதலில் செய்யலாம்?