யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் வரைபடத்தில், ஒரு பாதையில் யார் போகலாம் என்று சொல்லும் ஆக்சஸ் டேகால் கடுப்பான அனுபவம் இருக்கா? இங்கே கொட்டுங்கள்

ஒற்றையடி:
ஓடையோர ஃபுட்வே (நடைபாதை). யாரோ வந்து மேப்பில் ஆக்சஸ்=நோ (யாருக்கும் அனுமதி இல்லை) போட்டுவிட்டார். நடந்து போக வழி கேட்டால் ஆப் பெரிய ரோட்டைச் சுற்றிக் காட்டுகிறது. பாதை முகப்பில் நின்று பலகையைப் பார்த்தேன்: ஒரு கார், ஒரு மோட்டார் பைக், சிவப்பு வட்டம். அவ்வளவுதான். மோட்டார்_வெஹிக்கிள்=நோ போதுமே! மேப்பைத் திருத்தும் ஐடி (iD) எடிட்டரின் அனுமதிப் பட்டியலில் முதல் வரிசை எல்லாருக்கும் பொது; அதில் தடை வைத்தால், ஃபுட்=யெஸ் என்று தனியாகச் சொல்லாதவரை நடப்பவரும் காலி. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பாட்டி கைத்தடியோடு என்னைத் தாண்டி உள்ளே போனார். ஃபோன் 'திரும்பிச் செல்லவும்' என்று கத்திக்கொண்டே இருந்தது. அவருடைய சேஞ்ச்செட்டில் (சேமித்த திருத்தங்களின் பதிவு) ஏன் என்று கேட்டேன். இன்றுவரை பதில் இல்லை.

இருசக்கரம்:
எனக்குத் தலைகீழ். பூங்காவுக்குள் குறுக்குவழி, மேப்பில் பைசைக்கிள்=யெஸ். பாதி தூரத்தில் காவலாளி மறித்தார். செடியை விலக்கிப் பலகையைக் காட்டினார்: சைக்கிள் ஓட்டக்கூடாது. "மேப்ல இருக்குண்ணே" என்றேன். "அப்ப மேப்லயே ஓட்டு" என்றார். நாலு பேர் ஓட்டுகிறார்கள் என்பதற்காக யெஸ் போடுவதா?

காம்பஸ்:
இருசக்கரம், காவலாளி சொல்வதெல்லாம் சட்டமாகிவிடாது. பலகையின் வாசகம்தான் முக்கியம். 'ஓட்டக்கூடாது, தள்ளிக்கொண்டு போகலாம்' என்றால் டிஸ்மவுண்ட். சைக்கிளே வரக்கூடாது என்றால் நோ. இடத்துக்காரர் சும்மா விட்டுவைத்திருக்கிறார், நாளைக்கே நிறுத்தலாம் என்றால் பெர்மிஸிவ். அவர்களுக்கென்றே பலகை வைத்து ஒதுக்கியிருந்தால்தான் டெசிக்னேட்டட். அப்புறம், குண்டும் குழியுமாக இருந்தால் ஆக்சஸில் கை வைக்காதீர்கள். பாதையின் தரத்தைச் சொல்லும் சர்ஃபேஸ், ஸ்மூத்னஸ் டேகுகள் எதற்கு இருக்கிறது? குறுக்கே கம்பித் தடுப்பு இருந்தால் அந்தப் புள்ளியில் பேரியர்=சைக்கிள்_பேரியர். எல்லாவற்றுக்கும் படம் எடுத்து வையுங்கள். என் கதை சின்னது: செங்குத்து என்று ஒரு பாதைக்கு ஒருவர் பைசைக்கிள்=நோ போட்டிருந்தார். ஏறிப் போய் நீக்கினேன்.

இருசக்கரம்:
சார், நான் யோசனை கேட்கவில்லையே. அன்றைக்கே நோ என்று மாற்றிவிட்டேன். யாரோ திரும்ப யெஸ் ஆக்கிவிட்டார். சேஞ்ச்செட் குறிப்பு: 'நான் தினமும் ஓட்டுகிறேன்.'

காம்பஸ்:
மற்ற மேப்பர்களுக்குக் குறிப்பு எழுதும் நோட் டேகில் பலகை எந்தச் செடிக்குப் பின்னால் என்று எழுதியிருக்கலாம்.