ஹா லாங் விரிகுடாவில் கப்பலில் ஓர் இரவு: சென்று வந்தவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வரும் பிப்ரவரி இறுதியில் எங்கள் குடும்பத்தினர் 14 பேர் வியட்நாம் செல்கிறோம். கடலிலிருந்து செங்குத்தாக எழும் சுண்ணாம்புப் பாறைத் தீவுகளுக்கு நடுவே ஓர் இரவு தங்க வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை; பழைய நாட்காட்டியில் வந்த அந்தப் படத்தைப் பூஜை அறைக் கதவின் உட்புறம் இன்னும் ஒட்டி வைத்திருக்கிறார்.

1994இல் உலகப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஹா லாங்கிலேயே தங்குவதா, கட் பா தீவை ஒட்டிய, கூட்டம் குறைந்த லான் ஹா விரிகுடாவுக்குச் செல்வதா என்று முடிவெடுக்க இயலவில்லை. அந்தப் பருவத்தில் மூடுபனியும் தூறலும் வழக்கம் என்பதால், அப்போது சென்றவர்களுக்குத் தீவுகள் தெளிவாகத் தெரிந்தனவா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

அம்மாவுக்கு வயது 68, முழங்கால் வலியும் உண்டு. டி டாப் தீவின் உச்சிக்கு நானூறுக்கும் மேற்பட்ட படிகள் இருப்பதால் அதை விட்டுவிடலாம். ஆனால் சுங் சோட் குகையின் படிகளும், சிறு படகிலிருந்து கப்பலுக்கு மாறும் அந்த ஓர் அடியும்தான் என்னை உறுத்துகின்றன. அங்கே கைப்பிடியோ, தாங்கிப் பிடிக்க ஆளோ இருப்பார்களா?

எங்களில் ஐவர் சைவம். காய்கறிப் பதார்த்தத்திலும் மீன் சாறு சேர்க்கும் சமையல் என்பதால், முன்கூட்டியே சொன்னபோது சமையலறையில் உண்மையாகவே தவிர்த்தார்களா என்று தெரிவியுங்கள்.

2025 ஜூலையில் திடீர்ப் புயல்மழையில் அங்கே ஒரு சுற்றுலாப் படகு கவிழ்ந்து பலர் உயிரிழந்ததை மறக்க முடியவில்லை. வானிலையால் பயணம் ரத்தானவர்கள், கட்டிய பணம் திரும்பக் கிடைத்ததா என்பதையும் தயவுசெய்து குறிப்பிடுங்கள்.